பெரியப்பாவின் ஹாக்கி நோட்டு

என் பெரியப்பா சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். காலண்டர், தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். கடைசிவரை விரல் இடுக்கில் மை போகவே இல்லை.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் துழாவியபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அட்டையில் 'ஹாக்கி' என்று எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பட்டியல். இடது பக்கம் ஒலிம்பிக் நடந்த ஆண்டு, வலது பக்கம் இந்திய ஆண்கள் அணி பிடித்த இடம்.

1928 – 1
1932 – 1
1936 – 1
1948 – 1
1952 – 1
1956 – 1
1960 – 2
1964 – 1
1968 – 3
1972 – 3
1976 – 7
1980 – 1
1984 – 5
1988 – 6
1992 – 7
1996 – 8
2000 – 7
2004 – 7
2008 – (ஒரு கோடு மட்டும்)
2012 – 12
2016 – 8
2020 – 3

ஒவ்வொரு எண்ணையும் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. மேலே இருக்கிற ஒன்றுகளைப் பார்த்து ஒருத்தர் ரசிகர் ஆகலாம், அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பெரியப்பா பிறந்தது 1950-ல். அவர் விவரம் தெரிந்து ரசித்த காலமெல்லாம் கீழே இருக்கிற 5, 6, 7, 8 தான். நாலு வருஷத்துக்கு ஒருதடவை ஒரு எண்ணை எழுதி மூடிவைக்க ஒரு மனுஷனுக்கு எது பொறுமை கொடுத்தது? இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போனதுதான்.

ஏன் கோவில்பட்டி?

சிவகாசியிலிருந்து சாத்தூர் வந்து, தெற்கே திரும்பி நாற்கரச் சாலையில் கொஞ்ச நேரம் போனால் கோவில்பட்டி. மாவட்டம் வேறு, தூத்துக்குடி. ஆனால் மண் ஒன்றுதான், கரிசல். தொழிலும் ஒன்றுதான். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்றையும் தீப்பெட்டி ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு). விளையாட்டு தெரிந்தவர்களுக்கு அது 'ஹாக்கிப்பட்டி'. ஊரிலும் சுற்றிலும் இருக்கிற கிராமங்களிலும் கிளப் கிளப்பாக ஹாக்கி ஆடுவார்கள். கிரிக்கெட் மட்டை பிடிக்கிற வயசில் இங்கே பையன்கள் ஹாக்கி மட்டை பிடிப்பார்கள்.

ஹாக்கி இந்தியாவுக்கு வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு. கல்கத்தாவில் 1885-ல் முதல் கிளப், 1895-ல் பெய்ட்டன் கோப்பை. சென்னையில் எம்.சி.சி. தங்கக் கோப்பைப் போட்டி 1901-ல் ஆரம்பித்தது. பட்டாளம், ரயில்வே, மிஷன் பள்ளிக்கூடம் என்று மூன்று வழியாக அது ஊர் ஊராகப் பரவியது.

வந்தது சரி, ஏன் தங்கியது? பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. "ஏய்யா, வேலை கிடைக்கும்லா" என்றார்.

இதைப் பலர் எழுதுவதில்லை. தமிழ்நாட்டு ஹாக்கியைத் தாங்கிப் பிடித்தது சென்னையில் இருந்த நிறுவன அணிகள். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, போலீஸ். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலை. வானம் பார்த்த பூமி, இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ். (எங்கள் பக்கம் ஃபேக்டரி என்று சொல்ல மாட்டோம், 'தீப்பெட்டி ஆபீஸ்'தான்.) இப்படி இருந்த ஒரு ஊரில் ஒரு மட்டைக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்க. ஒரு வீட்டில் ஒருவன் ஹாக்கி ஆடி ரயில்வேக்குப் போனால், அந்தத் தெருவில் பத்துப் பையன்கள் மட்டை கேட்டு அழுவார்கள்.

ஆக, இந்திய அணி மேலே இருந்தது. அதற்குக் கீழே கம்பெனி அணிகள், அதற்கும் கீழே ஊர் மைதானம். ஒரே ஏணி. மேல்படியில் நிற்கிறவன் தோற்றாலும் கீழ்ப்படியில் நிற்கிறவன் ஏணியை விட்டுவிட முடியாது இல்லையா? விசுவாசம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான். கோவில்பட்டியில் பழைய பஞ்சாலை ஒன்றின் பெயரே 'லாயல் மில்'. விசுவாச மில்! பெரியப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஒன்றுகளின் கதை

இனி பட்டியலுக்கு வருவோம். 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக், ஆறு தங்கம். இந்த ஆறு போட்டிகளிலும் சேர்த்து இந்தியா அடித்தது 178 கோல், வாங்கியது 7. 1928 ஆம்ஸ்டர்டாமிலும் 1956 மெல்போர்னிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. 1936-ல் பெர்லினில் தியான்சந்த் தலைமையில் ஜெர்மனியை 8-1 என்று ஜெயித்தார்கள். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக அடித்த ஆறு கோலில் ஐந்து பல்பீர் சிங் அடித்தது.

படிக்கும்போது புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் குறிப்பு எடுக்கிறவன் புல்லரிப்போடு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று ஜெயித்தது இன்றைக்கும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்த அணிகள் மொத்தமே மூன்று: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. 1928, 1932, 1936 மூன்றிலும் பிரிட்டன் களம் இறங்கவில்லை. நாம் பிரிட்டனை ஒலிம்பிக்கில் சந்தித்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான், 1948 லண்டனில். அவர்கள் மண்ணிலேயே 4-0. என்னைக் கேட்டால் அந்த ஆறில் கனமான தங்கம் இதுதான்.

இன்னொன்று. போருக்கு முன்னால் ஆடியது பிரியாத இந்தியாவின் அணி. 1936-ல் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவரான அலி தாரா, 1948-ல் பாகிஸ்தான் அணியின் கேப்டன். 1928 அணியில் பெரும்பகுதி ஆங்கிலோ-இந்தியர்கள். சுதந்திரத்தை ஒட்டி அந்தச் சமூகத்தில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் போனார்கள். இங்கிருந்து பெர்த் நகருக்குப் போன பியர்ஸ் குடும்பத்தில் அண்ணன் தம்பி ஐந்து பேர் ஆஸ்திரேலியாவுக்கு ஹாக்கி ஆடினார்கள். நம்மைப் பின்னாளில் வீழ்த்திய அணிகளில் நம்ம ரத்தமே கொஞ்சம் ஓடியது.

1980 மாஸ்கோ தங்கமும் அப்படித்தான். சென்னைக்காரர் வி. பாஸ்கரன் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தோம். தமிழன் தலைமையில் தங்கம் என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் மார்தட்டுவோம். ஆனால் ஆப்கானிஸ்தான் பிரச்சினைக்காகப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா எதுவும் ஹாக்கி ஆட வரவில்லை. மொத்தம் ஆறு அணிகள். நாம் கியூபாவை 13-0 என்றும் டான்சானியாவை 18-0 என்றும் அடித்தோம்.

இதை ஒருதடவை பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். கல்லூரி படித்த திமிர் எனக்கு. அவர் கோபப்படவில்லை. "வந்தவனைத்தான ஜெயிக்க முடியும்? வராதவன எப்படிய்யா ஜெயிக்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

புல் மேல் பழி

நோட்டில் 1976-க்கு எதிரே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: 'செயற்கைப் புல். நம்மை ஒழிக்க வந்தது.'

இந்தியாவில் எந்த ஹாக்கி ரசிகரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வரும். இதில் உண்மை இருக்கிறது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது 1976 மாண்ட்ரியலில். அதில்தான் நாம் முதன்முறையாகப் பதக்கம் இல்லாமல் திரும்பினோம், ஏழாவது இடம். மண் தரையிலும் புல் தரையிலும் பந்து குதிக்கும், திரும்பும். அங்கே பந்தை மட்டையோடு ஒட்டவைத்து ஓடுகிற கைவித்தைக்கு மரியாதை. செயற்கைத் தரையில் பந்து நூல் பிடித்த மாதிரி ஓடும். அங்கே வேகம், நீளமான பாஸ், உடம்புத் தெம்பு, பெனால்டி கார்னர் அடிக்கிற தனித்திறமை இதெல்லாம் ஜெயிக்கும். ஒரு தரை போட இன்றைக்குக் கோடிக்கணக்கில் ஆகும். அதற்குத் தண்ணீர் வேறு தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்த கரிசல் காட்டில் விளையாட்டுத் தரைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்றால் ஜனங்கள் சிரிப்பார்கள்.

ஆனால் பாகிஸ்தானைப் பாருங்கள். அவர்களும் மண்ணில் ஆடி வளர்ந்தவர்கள்தான், பணம் கொட்டிக் கிடந்த நாடும் இல்லை. அதே 1976 மாண்ட்ரியலில் அவர்கள் வெண்கலம் வாங்கினார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அதே மாதிரித் தரையில் தங்கம். 1994 சிட்னி உலகக் கோப்பையும் அவர்களுக்குத்தான். புல் மட்டும்தான் காரணம் என்றால் அவர்களும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டுமே?

தவிர, பட்டியலை மறுபடி பாருங்கள். சரிவு 1976-ல் ஆரம்பிக்கவில்லை. 1960 ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றோம். 1964-ல் டோக்கியோவில் அதே 1-0 என்று திருப்பிக் கொடுத்தோம். ஆனால் 1968, 1972 இரண்டிலும் வெண்கலம்தான், அதுவும் புல் தரையில். மற்றவர்கள் கற்றுக்கொண்டு வந்துவிட்டார்கள். நாம் தியான்சந்த் பெயரைச் சொல்லிக்கொண்டு இருந்தோம். விதிகளும் மாறின, 1990-களில் ஆஃப்சைடு விதியே போய்விட்டது. நிர்வாகத்தின் கதை தனி. 2008-ல் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பையே சஸ்பெண்ட் செய்யும் நிலை வந்தது.

புல் உண்மையிலேயே அடித்தது எங்கே என்றால், ஏணியின் கீழ்ப்படியில். டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிறவனுக்கு என்றைக்காவது தரை கிடைக்கும். கோவில்பட்டிப் பையன் கட்டாந்தரையில் பழகிவிட்டு, தேர்வு முகாமில்தான் முதல்முறையாகச் செயற்கைத் தரையை மிதிப்பான். பந்து வருகிற வேகம் அவனுக்குப் பிடிபடுவதற்குள் தேர்வு முடிந்திருக்கும். பெரியப்பா எழுதியதில் 'நம்மை' என்ற சொல்லை நான் முதலில் இந்தியா என்று படித்தேன். இப்போது அவர் ஊரைச் சொன்னாரோ என்று தோன்றுகிறது. அப்படி எடுத்துக்கொண்டால் அவர் எழுதியது சரிதான்.

1975, 1982, 1983

நோட்டில் ஒலிம்பிக் தவிர ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் முழுப் பக்கம்: 1975 மார்ச் 15, கோலாலம்பூர், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், பாகிஸ்தானோடு. பிரஸ்ஸுக்குப் பக்கத்து டீக்கடை ரேடியோவில் கேட்டிருக்கிறார். வர்ணனை இந்தி. பெரியப்பாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "குரல் ஏறுனா நம்மாளு பந்து வச்சிருக்கான், இறங்குனா அவன் வச்சிருக்கான்" என்று வைத்துக்கொண்டு கேட்டாராம். முதலில் பாகிஸ்தான் ஒரு கோல். பிறகு சுர்ஜித் சிங் சமன் செய்தார். தியான்சந்தின் மகன் அசோக்குமார் அடித்த கோலில் 2-1. அந்த அணியில் நம்ம சென்னையின் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார்.

அதே வருஷம் ஜூன் மாதம் கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. இந்தியா ஜெயித்தது கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும்தான். 60 ஓவரும் ஆடி 174 பந்தில் 36 ரன் எடுத்து கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் நின்ற கூத்து அந்தப் போட்டியில்தான். அன்றைக்கு யாராவது 'இந்தியாவில் எந்த விளையாட்டு நிற்கும்?' என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஹாக்கி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் தலைகீழானது ஏழு மாத இடைவெளியில். 1982 டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டு ஹாக்கி இறுதி ஆட்டம். பிரதமர் இந்திரா காந்தி அரங்கில் இருந்தார். நாட்டில் பல ஊர்களில் டிவி புதிதாக வந்திருந்த நேரம். பாகிஸ்தான் 7, இந்தியா 1. அடுத்த வருஷம் ஜூன் 25-ல் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அதற்குப் பிறகு விளம்பரப் பணம் எந்தப் பக்கம் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனி வேடிக்கை உண்டு. இந்தியா எங்கே எதில் ஜெயித்தாலும் தெருவில் வெடிப்பது பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சரக்கு. 2007-க்கும் 2011-க்கும் நாடே வெடித்தது. சிவகாசியில் இருந்துகொண்டு கிரிக்கெட் வெற்றியை வேண்டாம் என்று சொல்வது பிழைப்புக்கு ஆகாத பேச்சு. பெரியப்பாவும் சொல்ல மாட்டார். வேடிக்கை பார்ப்பார், அவ்வளவுதான்.

கீழ்ப்பாதியை எழுதிய காலம்

பட்டியலில் மிகக் கஷ்டமான இடம் 2000 சிட்னி. போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. இரண்டு நிமிஷம்கூட மிச்சம் இல்லாதபோது போலந்து ஒரு கோல் அடித்தது. 1-1. அவ்வளவுதான், ஏழாவது இடம். அந்த அணியில் தன்ராஜ் பிள்ளை இருந்தார். புனே பக்கம் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயசில் உடைந்த மட்டையைக் கட்டி ஒட்டவைத்து ஆடியவர். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை ஆடியும் இரண்டிலும் ஒரு பதக்கம்கூடக் கையில் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் 1990-களில் தலைமுடி வளர்த்ததே அவரைப் பார்த்துத்தான்.

2008-ல் அந்த வெறும் கோடு. சிலியில் நடந்த தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே போகவில்லை. 2012 லண்டனில் போனோம், ஆடிய பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. பெரியப்பா அந்த 12-ஐ மற்ற எண்களைப் போல அதே அளவில், அதே பேனாவில் எழுதியிருக்கிறார். அடிக்கோடு இல்லை, திட்டு இல்லை.

அந்த வருஷம் என் சித்தப்பா மகன் அவரிடம் கேட்டான். "என்ன பெரியப்பா, இன்னுமா இதை எழுதுறீங்க?" அதற்கு அவர், "நான் எழுதலன்னா மட்டும் அது பதினொண்ணு ஆயிருமா?" என்றார்.

அந்தக் காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கோவில்பட்டி போய் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டில் பெரியம்மா திட்டுவார்கள். நோட்டின் பின்பக்கங்களைத் திருப்பினால் காரணம் தெரிகிறது. பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வந்த இன்னொரு பட்டியல் அங்கே இருக்கிறது. அதில் எண்கள் இல்லை, பையன்களின் பெயர்கள். பெயருக்கு எதிரே 'லெஃப்ட் இன்', 'சென்டர் ஹாஃப்', 'கோல் கீப்பர்'. சிலருக்கு எதிரே 'ரயில்வே', 'போலீஸ்', 'பேங்க்'. சிலருக்கு எதிரே 'தீப்பெட்டி ஆபீஸ்'. முன்பக்கம் தோற்றுக்கொண்டிருந்தபோது அவர் பின்பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் இல்லை, அந்த ஊரே அப்படித்தான். இந்திய அணி எட்டாவது வந்த வருஷமும் காலையில் பையன்கள் மைதானத்துக்கு வந்தார்கள், பழைய ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்காமல் பழக்கினார்கள்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் மெதுவாக வந்தது. கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வடநாட்டுப் பெரிய அணிகள் கோவில்பட்டிக்கு வர ஆரம்பித்தன. ஊருக்குச் செயற்கைத் தரை வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி வந்தது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப் அங்கேயே நடந்தது.

அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் பழகிய கார்த்தி செல்வமும் இருந்தார்கள். முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு, 1-1. நம்ம ஒரு கோல் கார்த்தி பெயரில். அடுத்த வருஷம் ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி. இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கி மலேசியாவை 4-3 என்று ஜெயித்த அணியிலும் கார்த்தி உண்டு.

அந்த மூன்று

2021 ஆகஸ்ட் 5, வியாழக்கிழமை. கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக். வெண்கலத்துக்கான ஆட்டம், ஜெர்மனியோடு, நம்ம நேரப்படி காலை ஏழு மணிக்கு. பத்து நாள் முன்னாடிதான் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று வாங்கியிருந்தோம். பெரியப்பா ஆறு மணிக்கே குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

1-3 என்று பின்தங்கினோம். அங்கிருந்து வரிசையாக நாலு கோல், 5-3. பிறகு ஜெர்மனி ஒன்று, 5-4. கடைசி ஆறு செகண்டில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். முடிந்தது. 41 வருஷத்துக்குப் பிறகு ஒரு பதக்கம்.

பெரியப்பா எழுந்து உள்ளே போய் ஒரு பாக்கெட் லட்சுமி வெடி எடுத்துவந்து வாசலில் ஒவ்வொன்றாகப் பற்ற வைத்தார். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, "என்ன அண்ணாச்சி, காலங்காத்தால என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள்.

"ஹாக்கில ஜெயிச்சுட்டோம்."

"தங்கமா?"

"வெண்கலம்."

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மூன்றாம் இடத்துக்கு வெடி போடுகிற ஆளை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த நாளைப் பற்றி நோட்டில் எழுதியிருப்பது ஒரே ஒரு எண்: 3. மேலே இருக்கிற ஒன்றுகளைப் போலவே, கீழே இருக்கிற 12 போலவே, அதே அளவில்.

பெருமை வேறு, விசுவாசம் வேறு என்று எனக்கு இந்த நோட்டைப் படித்துத்தான் பிடிபட்டது. பெருமைக்கு மேல்பாதி போதும். அதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். மூன்று அணி மட்டும் வந்த போட்டி, ஆறு அணி மட்டும் வந்த போட்டி என்பதை மறைத்துக்கொள்ளலாம். தோற்றால் புல்லைத் திட்டலாம். பெரியப்பாவும் இதையெல்லாம் கொஞ்சம் செய்தவர்தான். ஆனால் அவர் கீழ்ப்பாதியையும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் ஏறினார்.

எங்கள் வட்டாரத்துக்கு இது புரிகிற விஷயம்தான். கைத்தீப்பெட்டி குறைந்துபோச்சு, காலண்டர் ஆர்டர் முன்னே மாதிரி இல்லை, 2018-ல் சரவெடிக்குத் தடை வந்தாச்சு. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்ததை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போவது இங்கே தினப்படி நடக்கிற காரியம்.

2024 பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து மறுபடி வெண்கலம் வந்தது. அப்போது பெரியப்பா இல்லை. பட்டியலின் அடியில் '2024 – 3' என்று நான்தான் எழுதினேன். போன டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரையில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்தது. விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இந்திய ஹாக்கி அணி ஆடுகிற நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கடலை மிட்டாய் வாங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். காலையில் கொஞ்சம் சீக்கிரம் போய் மைதானத்தையும் ஒருநடை பாருங்கள். பின்பக்கப் பட்டியலில் எழுத வேண்டிய பெயர்கள் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.